வாங்குவதா, செய்வதா?

சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. இரும்புச் சட்டம், மோட்டார், ஒயர், போல்ட் என்று கடையே விரித்திருந்தார் அவள் கணவர். ஆள் லிஃப்ட் மெக்கானிக். அந்தப் புத்தி எங்கே போகும்? கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டின் மேலேயே ஓடி மரத்தை வெட்டும் சின்ன சி.என்.சி. ரவுட்டர் ஒன்றை அவளுக்காகத் தன் கையாலேயே செய்துவிடுவதென்று ஒற்றைக்காலில் நின்றார். ஆனால் எட்டுப் பேர் ஏறி நின்றாலும் அது அசையக்கூடாது. பழக்கதோஷம்! வாங்கிய சட்டம் போதாமல் இன்னும் தடிமனாக ஒன்று, அதற்கு ஏற்ற மாதிரி பெரிய மோட்டார் என்று வேலை அனுமார் வாலாக நீண்டுகொண்டே போனது.

“யானையை மரத்துல வெட்டப் போறோமா, இல்ல மாடிக்கு ஏத்தப் போறோமா?” என்று கேட்டாள் அவள்.

அவர் சிரித்தார். “என்ன அவசரம்? இது முடியறதுக்குள்ள உன் கை சரியாயிடும். அப்புறம் மெஷின் எனக்கு, விளையாட!”

குழந்தைகள் சேர்த்து விளையாடும் மரப் புதிர்கள் செய்வது அவள் தொழில். யானை, ஆமை, ரயில் என்று மெல்லிய ரம்பத்தால் வளைத்து வளைத்து அறுப்பாள். நரம்புக் கோளாறு வந்ததிலிருந்து வலது கை நடுங்கியது. அது இனிப் பழையபடி வராது என்று டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார். அதைக் கணவரிடம் சொல்லத்தான் அவளுக்கு நாக்கு எழவில்லை.

கடையில் விற்பதை வாங்கினால் உடனே வேலையைத் தொடங்கலாம். ஆனால் வாங்கலாம் என்றால் ஏன் என்று கேட்பார். சொன்னால் அவர் முகம் எப்படிப் போகுமோ! தன் கை போனதைவிட அதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அவள் மனசு அப்படி.

அன்று சாயங்காலம் அவர் மறுபடியும் சட்டத்தைக் கழற்ற ஆரம்பித்தார். லேசாக அதிர்கிறதாம்.

“போதுங்க. வாங்கிடலாம்.”

“இவ்வளவு தூரம் வந்த பிறகா? எதுக்கு?”

“கை சரியாகாதுங்க. டாக்டர் சொல்லிட்டார்.”

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “எப்ப சொன்னார்?”

“போன வாரம்.”

“ஒரு வாரமா இதை நீ தனியாவா வச்சுக்கிட்டிருந்த?” என்றவருக்குக் குரல் உடைந்தது. அவளுக்கும் அதுவரை அடக்கிவைத்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கிரீஸ் கையோடு அவளுடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவளுடைய ஃபோனை வாங்கி, அவள் பார்த்து வைத்திருந்த மெஷினின் படத்தைப் பெரிதாக்கி உற்றுப் பார்த்தார். விலையைப் பார்க்கிறார் என்று நினைத்தாள்.

“அவசரத்துக்கு நிறுத்தற ஸ்விட்ச் வலது பக்கத்துல இருக்கே?” என்றார். “வரட்டும், அதை நான் இடது பக்கம் மாத்தித் தரேன்.”