தபால்காரன் எரித்த கடிதம்

தெருவில் எல்லோரும் அவளை ஊசி அக்கா என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே வெறும் அக்கா. பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரிப்பது, ஜிப் மாற்றுவது என்று துணி திருத்துகிற கடை வைத்திருக்கிறாள். புதுத் துணி தைப்பதில்லை. அதில் குறை கண்டுபிடிக்க அதிகம் இருக்காது என்பது காரணமாக இருக்கலாம். ஒரு கோட்டைக் கையில் கொடுத்தால் முதலில் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பாள், பிறகுதான் கொடுத்தவர் முகத்தைப் பார்ப்பாள். இரண்டில் ஒன்றிலாவது ஏதாவது பிரிந்திருக்கும்.

இந்தச் சந்தேகம் அவள் கூடவே பிறந்ததல்ல. பக்கத்து மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அவள் தங்கைக்கு ஏழு வருடத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பார்த்தது அக்காதான். தங்கமான பையன் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னதும் அக்காதான். அந்தத் தங்கம் பதினாலே மாதத்தில் பல்லிளித்தது. தங்கை ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். அக்காவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்கா தேறியிருப்பாள். திட்டாமல் விட்டதில்தான், அன்றிலிருந்து பால் பாக்கெட்டைக்கூட முகர்ந்து பார்க்காமல் வாங்குவதில்லை.

இப்போது தங்கைக்கு முப்பத்தெட்டு. ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்.

"அக்கா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். நீ பார்த்துச் சொல்லு. நீ வேண்டாம்னா வேண்டாம்."

"வேண்டாம்னா விட்டுடுவியா?"

"விட்டுடுவேன்."

சொன்ன வேகத்தில் உறுதி இருந்தது. சொல்லிவிட்டு, திருத்த வந்திருந்த யாருடைய சட்டையையோ எடுத்து மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். அக்கா அதையும் பார்த்துக்கொண்டாள். இந்த முறையும் தப்பாகச் சொல்லிவிட்டால் தங்கைக்கு மூன்றாவது வாய்ப்பு என்று ஒன்று வரப்போவதில்லை. சரி என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து நாள் இருந்தது. அக்கா களத்தில் இறங்கினாள். லிஃப்ட்காரர் வேலை பார்க்கிற கட்டடங்களின் காவலாளிகளுக்கெல்லாம் திடீரென்று சட்டைப் பட்டன் இலவசமாகத் தைத்துக் கொடுக்கப்பட்டது. தைக்கிற நேரத்தில் பேச்சுக் கொடுத்தாள். நல்ல மனுஷன், சொன்ன நேரத்துக்கு வருவார், குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

"ஒருத்தனைப் பத்தி அத்தனை பேரும் நல்லதே சொன்னா, ஒண்ணு அவன் செத்திருக்கணும், இல்லே எதையோ ஒளிக்கிறான்" என்று எதிர்க் கட்டடத்துப் பல் ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற அம்மாளிடம் லிஃப்ட்காரர் பேச்சை எடுத்துச் சொன்னாள்.

"அவரா? அவர் மங்கா பத்தி எழுதறவராச்சே" என்றாள் அந்த அம்மாள். "என் பொண்ணு அவர் என்ன சொல்றாருன்னு பார்த்துட்டுத்தான் புத்தகமே எடுப்பா."

"மங்கான்னா?"

"ஜப்பான்காரங்க படக்கதை. கண்ணெல்லாம் சாசர் மாதிரி இருக்குமே."

நாற்பத்திரண்டு வயது ஆம்பளை படக்கதை படிக்கிறான். அக்காவுக்கு முதல் நூல் கிடைத்துவிட்டது.

லிஃப்ட்காரர் 'பத்தாவது மாடி' என்ற பெயரில் இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தார். கதையைவிட நாயகர்களைப் பற்றித்தான் அதிகம். இரண்டு பேன்ட்டுக்கு நடுவில் ஒன்று என்று அக்கா எல்லாவற்றையும் போனில் படித்தாள்.

"சக்தி வேண்டும், இன்னும் சக்தி வேண்டும் என்று கத்துகிற நாயகனை எனக்கு ஆகாது. ஆறு பேர் ஏறுகிற லிஃப்டில் பதினோராவது ஆளாக ஏறுகிறவன் அவன். மேலே போகிறோம் என்ற சந்தோஷம் மட்டும்தான், கம்பி என்ன பாடுபடுகிறது என்று யோசிக்கமாட்டான்" என்று ஒன்று. "முப்பது புத்தகமாகப் பழிவாங்கப் போய்க்கொண்டே இருக்கிறான் இந்த வாள்வீரன். வழியில் எங்காவது உட்கார்ந்து செருப்பையாவது தைத்திருக்கலாம்" என்று இன்னொன்று. அதற்கு அக்காவுக்கே சிரிப்பு வந்தது. சிரிக்க வைக்கிறவனிடம் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும் என்று உடனே வாயை மூடிக்கொண்டாள். முதல் மாப்பிள்ளையும் நன்றாகத்தான் சிரிக்க வைப்பான்.

அவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது ஒரே ஒரு நாயகனைத்தான். ஒரு ஊர் தண்ணீருக்குள் போய்விடுகிறது. மேல்மாடிகளில் மட்டும் ஜனங்கள் இருக்கிறார்கள். ஒரு தபால்காரன் படகில் வந்து ஜன்னல் ஜன்னலாகக் கடிதம் கொடுக்கிறான். "இவன் கத்தமாட்டான், வாள் எடுக்கமாட்டான், கதவைத் தட்டுவான். ஒன்பது புத்தகத்திலும் ஒரு கடிதத்தைக்கூட இவன் மறைத்ததில்லை. இவனைப் போல இருக்க எனக்கு ஆசை."

"ஆசைன்னா? இப்போ அப்படி இல்லேன்னுதானே அர்த்தம்?" என்று அக்கா தையல் இயந்திரத்திடம் கேட்டாள்.

நூலகத்துக்குப் போய் முதல் புத்தகத்தையும் ஒன்பதாவதையும் எடுத்து வந்தாள். தலையும் வாலும் தெரிந்தால் நடுவில் இருப்பது என்ன மிருகம் என்று ஊகிக்கத் தெரியாதவளா?

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மங்காவை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். நாம் கடைசி அட்டை என்று நினைப்பதுதான் அதற்கு முன் அட்டை. தெரியாமல் இந்தப் பக்கம் திறக்கிறவர்களுக்காக, "நில்லுங்கள், இது கதையின் முடிவு, புத்தகத்தைத் திருப்புங்கள்" என்று பதிப்பகத்தார் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். நூலகத்தார் திருப்பித் தரவேண்டிய தேதிச் சீட்டை அந்த எழுத்தின் மேலேயே, நாலு மூலையும் பசை தடவி, ஒட்டியிருந்தார்கள்.

ஊருக்கெல்லாம் தையலைத் திருப்பிப் பார்க்கிறவள், புத்தகத்தைத் திருப்பாமலே படித்தாள். பதில் வந்த பிறகு கேள்வி வந்தது. ஜப்பான்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள்போல என்று விட்டுவிட்டாள். கதை அவளுக்குத் தெளிவாகவே புரிந்தது. கையில் கடிதத்தோடு ஒரு கிழவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். தபால்காரன் வருகிறான். கடிதம் அவன் பைக்குள் போய்விடுகிறது. கிழவர் ஜன்னலில் வாடிப்போய் நிற்கிறார். அடுத்த வீட்டிலும் இதே கதை. எல்லோரையும் அழவைத்துவிட்டு, முடிவில் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கரையேறிப் போய்விடுகிறான். ஒன்பதாவது புத்தகத்தில் இன்னும் மோசம். எடுத்த எடுப்பிலேயே ஒரு கடிதத்தை எரிக்கிறான்.

"இவனைப் போல இருக்க ஆசையாம்" என்றாள் அக்கா. அன்றைக்கு ஒரு வாடிக்கையாளரின் பேன்ட் ஒரு கால் இரண்டு விரல்கடை அதிகமாகக் குறைந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கட்டைவிரல் நகத்தில் மட்டும் போகாத கிரீஸ். சாப்பிட்டதும் தன் தட்டைத் தானே எடுத்தார். நடிக்கத் தெரிந்தவன் என்று அக்கா குறித்துக்கொண்டாள். மேஜையைத் துடைத்துவிட்டு, இரண்டு புத்தகத்தையும் கொண்டுவந்து சாட்சி மாதிரி வைத்தாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, நீங்க படிச்சீங்களா! இதை யாருமே எடுக்கறதில்லை. எப்படி இருந்துச்சு?"

"திருட்டுப் பய."

"யாரு?"

"உங்க தபால்காரன்தான். சிரிச்சுக்கிட்டு இருக்கறவங்ககிட்டே போய்க் கடுதாசியைப் பிடுங்கிக்கறான். அவங்க வாயைப் பொத்திக்கிட்டு அழறாங்க. இவன் பாட்டுக்குப் படகை ஓட்டிட்டுப் போயிடறான். இவனைப் போலத்தான் இருக்க ஆசையா உங்களுக்கு?"

லிஃப்ட்காரர் புத்தகத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எந்தப் பக்கத்திலேர்ந்து படிச்சீங்க?" என்று கேட்டார்.

"எல்லாரும் படிக்கற பக்கத்திலேர்ந்துதான்."

தங்கை குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. "ஐயோ அக்கா! நீ முடிவிலேர்ந்து படிச்சிருக்கே!"

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு கழுத்து நரம்பில் தெரிந்தது. தேதிச் சீட்டின் ஒரு ஓரத்தை நகத்தால் நெம்பி, அடியில் இருந்த கொட்டை எழுத்தைக் காட்டினார். "உங்க தப்பு இல்லைக்கா. இதை மறைச்சு ஒட்டியிருக்காங்க."

அக்காவுக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் பத்து நாள் உழைப்பை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவள்.

"சரி, தலைகீழாவே படிச்சேன். எந்தப் பக்கத்திலேர்ந்து படிச்சா என்ன, எரிஞ்ச கடுதாசி எரிஞ்சதுதானே?"

"எந்தக் கடுதாசி?"

தங்கையின் சிரிப்பு நின்றது. அக்கா ஒன்பதாவது புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதைத் தொடவில்லை.

"இதை நான் படிக்கலை" என்றார்.

"ஒன்பது புத்தகத்திலேயும்னு எழுதியிருக்கீங்களே?" இதைக் கேட்டது தங்கை.

"எட்டு படிச்சேன்." நகத்துக் கிரீஸைச் சுரண்ட ஆரம்பித்தார். "கடைசிப் புத்தகம் மட்டும் எதையுமே படிக்கறதில்லை. அத்தனை நாள் கூட வந்த ஆளு, முடிவுல கெட்டுப்போயிட்டான்னா என்ன பண்றது? அவன் அப்படியே இருப்பான்னு நம்பி எழுதிடுவேன்."

"எல்லாக் கதைக்கும் இப்படித்தானா?" என்றாள் அக்கா.

"எல்லாத்துக்கும்."

கிடைத்துவிட்டது. உள்தையலில் பிரிந்த இடம் கைக்கே தட்டுப்பட்டுவிட்டது. அக்கா ஜெயித்த சந்தோஷத்தோடு தங்கையைப் பார்த்தாள். தங்கை, மேஜை விரிப்பில் இல்லாத சுருக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்ற வார்த்தை அக்காவின் நாக்கு நுனிவரை வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"படிங்க" என்றாள். "இங்கேயே. இப்பவே."

அவர் மறுக்கவில்லை. புத்தகத்தைச் சரியான பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு படித்தார். முக்கால் மணி நேரம். இரண்டு பெண்களும் டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வேகமாகப் புரட்டினார். போகப் போகப் பக்கம் திரும்புவதே அபூர்வமாயிற்று. மகன் கடிதத்துக்காகப் பல வருடம் ஜன்னலில் நிற்கிற அம்மா; உறை ஈரத்தில் பிரிந்துபோன கடிதம்; "நான் வரமாட்டேன், காத்திருக்காதே" என்று மகன் எழுதியிருப்பது; படகிலேயே அது எரிவது; "இன்னைக்கும் உங்களுக்கு ஒண்ணும் வரலைம்மா" என்று தபால்காரன் சொல்வது. அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன, உங்க ஆளு நல்லவனா?" என்றாள் அக்கா.

"தப்புப் பண்ணிட்டான்."

"அந்தம்மா நல்லதுக்குத்தானே பண்ணான்? பையன் வரமாட்டான்னு தெரிஞ்சா அவ தாங்குவாளா?" தான் ஏன் அந்தத் திருட்டுப் பயலுக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று அக்காவுக்கே புரியவில்லை.

"தாங்குவாளா மாட்டாளான்னு இவன் யாருக்கா முடிவு பண்ண?" காவலாளிகள் ஒருநாளும் கேட்டிராத அளவுக்கு அவர் குரல் உயர்ந்தது. "அது அவளுக்கு வந்தது. அழறதா இருந்தாலும் அவதான் அழணும். குடுக்கறதோட இவன் வேலை முடிஞ்சுது."

சொல்லிவிட்டுப் போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் தங்கை.

"கடைசிப் புத்தகம் படிக்காமதான் இத்தனை நாள் எழுதினேன்னு போடறேன்."

"கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

"விடட்டும். நான் பண்ணது அப்படி."

இதுவும் நாடகமாக இருக்கலாமே என்று அக்காவுக்குத் தோன்றியது. கையை நீட்டிப் போனை வாங்கிப் பார்த்தாள். உண்மையாகவே போட்டிருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் வசவு வந்து விழுந்தது. முதல் மாப்பிள்ளை அந்தப் பதினாலு மாதத்தில், காப்பி கொட்டியதைக்கூடத் தன் தப்பு என்று சொன்னதில்லை.

அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். தீர்ப்புச் சொல்ல வேண்டிய நேரம்.

"அக்கா, இரு. நீ சொல்லாதே" என்றாள் தங்கை.

"ஏண்டி? நீதானே சொல்லச் சொன்னே?"

"நான்தான் சொன்னேன். நல்லா அமைஞ்சா என் அதிர்ஷ்டம், கெட்டுப்போனா உன் தப்பு. போன தடவையும் அப்படித்தான் வச்சுக்கிட்டேன். எனக்கு வசதியாத்தான் இருந்துச்சு. நீ பாவம், பாலை மோந்து பார்த்துக்கிட்டுத் திரியறே." அவள் லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினாள். "படிக்காம விட்ட கடைசிப் புத்தகம் இன்னும் எத்தனை பாக்கி?"

"பதினொண்ணு இருக்கும்."

"எல்லாத்தையும் முடிங்க. முடிச்சுட்டு வாங்க, தேதி பேசலாம். எனக்குச் சம்மதம்."

 அக்கா இத்தனை வருடம் சுமந்த மூட்டையைக் கேட்காமலே ஒருத்தி இறக்கி வைத்துவிட்டாள்; அதற்கு நன்றி சொல்வதா, கேட்காமல் எப்படி இறக்கலாம் என்று சண்டை போடுவதா?

"அப்போ நான் ஒண்ணுமே சொல்லக் கூடாதா?"

"உன் அபிப்பிராயத்தைச் சொல்லு. வேணாம்னா சொன்னேன்?"

"நல்லவர் மாதிரிதான் தெரியறார்" என்றாள் அக்கா, 'மாதிரி'யைக் கொஞ்சம் அழுத்தி. தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

குழாயைத் திறந்தாள். முன்னறையில் இருவரும் தணிந்த குரலில் ஏதோ பேசி, பொத்திப் பொத்திச் சிரிக்கிற சத்தம் கேட்டது. குழாயை மூடினாள், சத்தம் நின்றது. திறந்தாள், மறுபடி சிரித்தார்கள். தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டாள். அந்தப் பத்து நாளில் அவள் பட்ட சந்தேகங்களிலேயே முழுக்கச் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.