டிரைவர் அண்ணன் பையில் போகாத டியூப்

1

வீட்டில் நான் சின்னவன். பிழைக்க வந்த இந்த ஊரில், சேர்ந்து தங்கியிருக்கும் அறையில் எல்லோருக்கும் என் பெயர் 'கஞ்சி'. நாள் முழுக்கச் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டு, சூடான இயந்திரத்தில் வைத்து அழுத்துகிற வேலை; அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வயது இருபத்து நான்கு. இப்போது நிற்பது சலவைக்கூடத்தின் பின்னறையில். மடித்த விரிப்புகள் கூரை வரை அடுக்கியிருப்பதால் பேசினால் வெளியே கேட்காது. நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. நான் திக்கினால் அதுவும் நின்றுவிடும். அப்படி நின்ற வாக்கியங்களை அழிக்கப்போவதில்லை.

குடும்பக் குழுவில் போடப்போகிற இந்தக் கதை, அக்கா அனுப்பிய குரல் செய்தியில் பிறந்தது.

"டேய், டிரைவர் அண்ணன் லீவுல வர்றாருல்ல, அவர் கையில நீ போடுற க்ரீம் ரெண்டு டியூப் குடுத்து விடு. வயிறு பெருசாக ஆக மங்கு கன்னம் பூரா பரவுது. கவுன்டர்ல டிக்கெட் வாங்க வர்றவங்க கூட என் மூஞ்சியத்தான் பாக்குறாங்க. உனக்கு மட்டும் எப்படிடா பளிங்கு மாதிரி இருக்கு?"

அக்காவுக்கு இது ஆறாவது மாதம். டிரைவர் அண்ணன் எங்கள் ஊர்க்காரர், இங்கே சலவைக்கூட வண்டி ஓட்டுகிறார்; நாளைக் காலையில் ஊருக்குக் கிளம்புகிறார். அதற்குள் கதையை முடித்தாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: 'என் நண்பன் ஒருவனுக்கு முகத்தில் மங்கு வந்தது.'

(நண்பன் என்றாலே அம்மா, எந்த நண்பன், எந்தத் தெரு என்று ஆரம்பித்துவிடுவாள். செல்லாது.)

இரண்டாம் தொடக்கம்: 'சூரியனானது நமக்கு…'

(பள்ளிக் கட்டுரை.)

மூன்றாவது: 'அக்கா, என் முகம் பளிங்கு இல்லை.'

இது இருக்கட்டும்.

3

இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் எனக்கும் மங்குதான். காப்பிக் கறை மாதிரி. அறையில் ஒருவர் ஒரு டியூப் கொடுத்தார். இங்கே பாதிப் பேர் அதைத்தான் பூசுகிறார்கள். முதலில் முகம் அப்படி மின்னியது. அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், முகத்தையும் டியூபையும் சேர்த்து. பிறகு எரிச்சல், தோல் உரிதல், சிவப்பு. கடைசியில் மங்கு முன்பைவிடக் கருப்பாகத் திரும்பி வந்தது.

அதே சமயம் பழைய போன் உடைந்து, இன்னொருவர் பயன்படுத்திய போனை வாங்கினேன். அதன் கேமரா முகத்தைத் தானாகவே மெழுகிப் பளபளப்பாக்கிவிடும் என்று எனக்குத் தெரியாது. முதல் வீடியோ அழைப்பில் அம்மா, அங்கே தண்ணி நல்ல தண்ணி போல என்றாள். பேசி முடித்துக் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

(இந்தக் கதாநாயகன்மேல் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. பில்டரை அணைக்க ஒரு விரல் போதும். ஏன் அணைக்கவில்லை? படிக்கிறவர்கள் நம்புவார்களா? அம்மா நம்புவாள். முன்பொரு தடவை நான் கறுத்துவிட்டேன் என்று, சாப்பாடு சரியில்லை என்பதில் ஆரம்பித்து வேலையை விட்டுவிட்டு வா என்பது வரைக்கும் அழுதவள் அவள்தான். அதன் பிறகு கேமராவை நான்…)

4

தோல் டாக்டரிடம் போனதற்கே காரணம் எரிச்சல்தான். ஈரல் கெட்டால் மங்கு வரும் என்பார்களே, எனக்கும் ஈரல் கெட்டுவிட்டதா என்று கேட்டேன். அந்தப் பெண் டாக்டர் சிரிக்கவில்லை. எங்கே நின்று வேலை செய்கிறாய், எந்தப் பக்கம் இயந்திரம் என்று விசாரித்தார். நிறம் கொடுக்கிற செல்கள் சீண்டப்பட்டால் அளவுக்கு மீறி வேலை செய்யுமாம். வெயில் சீண்டும், சூடு சீண்டும், கர்ப்பத்தில் உடம்புக்குள் நடக்கிற மாற்றமும் சீண்டும். சில குடும்பங்களில் கூடுதலாக வரும். "இது அழுக்கில்ல தம்பி, தேச்சா போறதுக்கு" என்றார். கட்டடத்துக்குள் இருந்தாலும் சன்ஸ்கிரீன், வெளியே போனால் தொப்பி. குறைய மாதக்கணக்கில் ஆகும். குறைந்த மங்கு திரும்பியும் வரலாம். இதையெல்லாம் கதையில் எப்படி அழகாகச் சொல்வது என்று தெரியவில்லை. அப்படியே வைத்துவிட்டேன்.

பிறகு டியூபைத் திருப்பிப் படித்தார்.

"இத வேற யார் போடுறாங்க?"

"அக்கா கேக்குறாங்க டாக்டர். ஆறு மாசம்."

அவர் டியூபைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார்.

"அவங்க கைக்கு இது போகவே கூடாது."

அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாத இன்னொரு மருந்தும் இருக்கிறது என்றார். பிள்ளை பிறந்த பிறகு நிறையப் பேருக்கு மங்கு தானாகவே மங்கிவிடுமாம். அதுவரை வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்; வேறு எதுவானாலும் பிரசவம் பார்க்கிற டாக்டரைக் கேட்டுத்தான்.

5

முடிவு ஒன்று: டியூப் போகிறது. அக்கா சில வாரம் மின்னுகிறாள். (இதற்கு மேல் சொல்ல என்னால்…)

முடிவு இரண்டு: டிரைவர் அண்ணனே முன்வந்து கொடுத்தது. "பையில வெயிட் ஏறிடுச்சுன்னு நான் சொல்லிடுறேன்டா கஞ்சி. பழி என்மேல போகட்டும்." நல்ல மனிதர். ஆனால் டியூபின் படம் அக்காவிடம் இருக்கிறது. பையில் டியூப் வராவிட்டால் அதைக் காட்டி அங்கேயே வாங்கிவிடுவாள். பொய் சொன்னால் கதை முடியும், ஆபத்து முடியாது.

முடிவு மூன்று: பையில் ஒரு அகலத் தொப்பியும், கர்ப்பிணிகள் பூசலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சன்ஸ்கிரீனும் வைத்தாகிவிட்டது. டியூப் இல்லை. பில்டரை அணைத்துவிட்டேன். கீழே இருப்பது இப்போது எடுத்த என் முகம். அம்மா, பார்த்துவிட்டு அழுவதானால் அழு. வேலையை விட்டு வரச் சொல்லாதே.

இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. ஏனென்றால் காலையிலேயே அக்காவிடம், "அங்க எங்கயாவது வாங்கிட்டியா?" என்று கேட்டுச் செய்தி போட்டேன். பார்த்திருக்கிறாள். பதில் இல்லை. அழைத்தேன், எடுக்கவில்லை. கவுன்டரில் கூட்டமாக இருக்கலாம். கூட்டமாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால்…

இயந்திரம் காலியாக ஓடுகிறது, என்னைக் கூப்பிடுகிறார்கள்.

குடும்பக் குழுவில் இதை முதலில் திறக்கிறவர் யாராக இருந்தாலும் சரி, முழுதும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. எழுந்து போய் அக்காவின் கைப்பையைப் பாருங்கள். டியூப் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். திட்டாமல் கூட்டிப் போங்கள்.