பெயர் வெட்டிய பேணிகள்

அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது ஒப்பாரியையும் தாண்டிச் சாரங்காவுக்குக் கேட்டது. அம்மாவின் பிரேதப் பெட்டிக்குத் தலைமாட்டில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். குசினிக்குள் பக்கத்து வீட்டு நிசாந்தினி குந்தியிருந்து சில்வர் பேணிகளை வெளியே எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அதை எடாதையுங்கோ."

"பின்னை என்ன செய்ய? மாதர் சங்கத்துக் கப் எல்லாம் மற்றச் செத்தவீட்டிலை. கொம்மா இவ்வளவு பேணியைப் பூட்டி வைச்சிருக்க, வந்த சனம் கையிலை ஏந்தியே தேத்தண்ணி குடிக்கிறது?"

சாரங்கா எழும்புவதற்குள் அப்பாவின் தங்கை நேசம் மாமி வாசலில் நின்றே குரல் வைத்து அழுதுகொண்டு வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். மாமி கையை விட்டபோது, நிசாந்தினி வீட்டு அடுப்பில் கொதித்த தேத்தண்ணி பேணிகளில் ஊற்றப்பட்டுப் பந்தலுக்குப் போய்விட்டிருந்தது.

அந்தப் பேணிகளில் பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. ஒன்றில் கமலினி. ஒன்றில் சி. இராசநாயகம். ஒன்றில் யாரோ ஒரு பிள்ளையின் முதலாவது பிறந்தநாள். ஒன்றுகூட இந்த வீட்டுப் பெயர் இல்லை.

மீளக் குடியேறிய காலத்தில், கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் கலந்தர் நானா பழைய சாமான் கடை போட்டார். கடைசிச் சண்டை நடந்த கடற்கரைப் பக்கமிருந்து லொறிகள் வரும். சட்டி, பானை, சைக்கிள் சட்டம், தையல் மெசின் எல்லாம் ஒரே குவியலாக இறங்கும். அம்மா சனிக்கிழமைகளில் போய்க் குவியலின் ஓரத்தில் குந்தி, ஒவ்வொரு ஏனத்தையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பெயர் இல்லாததை அப்படியே வைத்துவிடுவாள். பெயர் வெட்டியது வீட்டுக்கு வரும்.

"பேர் உள்ளதை உருக்கக் குடுக்கக் கூடாது," என்பாள். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் எல்லாவற்றையும் கழுவி, தண்ணீர் நிரப்பி, குசினித் திட்டில் வரிசையாக வைப்பாள். விளக்கு வைக்கும் வரை யாரும் தொடக்கூடாது. அந்த நாட்களில் சாரங்கா குசினிக்குள் போகமாட்டாள். கன பேர் வந்து பேசாமல் இருக்கிற வீட்டுக்குள் நுழைவது போலிருக்கும். ஒருநாள் தாகம் தாங்காமல் போனபோது, ஒரு பேணியில் மட்டும் தண்ணீர் பாதியாகியிருந்தது. வெக்கைக்கு ஆவியாகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பக்கத்துப் பேணி ஏன் ஆவியாகவில்லை என்று யோசிக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

"ஆரும் கண்டா, சனம் ஓடேக்கை நாங்கள் வீடு வீடாப் பூந்து எடுத்ததெண்டுதான் சொல்லுவினம்," என்று அம்மாவோடு எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறாள். அம்மா அலுமாரியைப் பூட்டினாளே தவிர, கடைக்குப் போவதை நிறுத்தவில்லை.

இப்போது விறாந்தையில் தவமலர் தன் தேத்தண்ணியைக் குடிக்காமல் முற்றத்தில் ஊற்றினாள். பேணியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். காணாமல் போன மகன் பிரதாபனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போராட்டக் கொட்டிலில் இருப்பவள் அவள். மாதர் சங்கத்தில் அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரை அவளுடையது.

"பிள்ளை, இது எங்கடை பிரதாபன்ரை."

நேசம் மாமி எட்டிப் பார்த்தாள். "இதென்ன புதினம்? என்ரை பேணியிலையும் ஆரோ கமலினியாம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியும் எல்லாருக்கும் கேட்டது. "சனம் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓட, மச்சாள் சட்டி பானை பொறுக்கினவாவோ?"

யாரோ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பெட்டி மூடுவார்கள். அந்தச் சொல்லோடுதான் அம்மா சுடலைக்குப் போவாள்.

சாரங்கா எழும்பிப் பந்தலுக்குப் போனாள். கலந்தர் நானா ஓரக் கதிரையில் தொப்பியோடு இருந்தார். அவர் கையிலும் ஒரு பேணி.

"நானா, அம்மா உங்களிட்டை வாங்கினதெண்டு உள்ளை வந்து ஒருக்காச் சொல்லுங்கோ."

"வாங்கினதெண்டு சொல்லேலாது மகள். தன்ர சாமானைத் தந்திட்டு எடுத்தவ. குத்துவிளக்கு, சீதனக் குடம், இடியப்ப உரல். நல்லதைத் தந்திட்டு நசிஞ்சதை ஏன் எடுக்கிறீங்கெண்டு கேப்பன். சிரிப்பா."

அந்தச் சாமான்களைப் புதிதாகக் குடியேறின சனத்துக்குக் குடுத்திட்டன் என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள்.

"அதை மட்டும் சொல்லுங்கோ நானா. அது காணும்."

"சொல்லுவன். அதுக்குப் பிறகு தவமலரம்மா என்ன கேப்பா? எங்கயிருந்து வந்ததெண்டு கேப்பா." அவர் பேணியைக் கதிரைக்குக் கீழே வைத்தார். "முள்ளிவாய்க்கால் லொறியில வந்தது. நான்தான் இறக்கினன். ஆர்ர பேணியெண்டு உங்கட அம்மாவுக்கும் தெரியும். மடியில வச்சுக்கொண்டு கனநேரம் இருந்தவ. 'இதைக் கொண்டுபோய்க் குடுத்தா, நானா, அவள் பிறகு எதை நம்பி இருக்கிறது' எண்டு கேட்டவ."

அவர் எழும்பினார். "நீங்க சொன்னா வாறன் மகள்."

உள்ளே நேசம் மாமியின் குரல் கேட்டது.

"இருங்கோ நானா," என்றாள் சாரங்கா.

வாசற்படியில் தவமலர் காத்து நின்றாள்.

"அவன் போகேக்கை நான்தான் பைக்குள்ளை வைச்சு விட்டனான். இந்த நெளிவைப் பார். கிணத்துக் கட்டிலை விழுந்து நெளிஞ்சது. இது எங்கையிருந்து வந்தது பிள்ளை?"

ஒப்பாரி நின்றிருந்தது. எல்லாரும் சாரங்காவின் வாயையே பார்த்தார்கள். அவள் அம்மாவைப் பார்த்தாள். நாடியோடு சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி கொஞ்சம் நழுவியிருந்தது.

"தெரியாது அன்ரி. எங்கை எடுத்தவாவெண்டு அம்மா எனக்குச் சொல்லேல்லை."

"எடுத்த ஆள் சொல்லுமோ?" என்றாள் நேசம் மாமி.

தவமலர் மாமியைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாரங்காவின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அவளைத் தாண்டி, பந்தலில் தலையைக் குனிந்துகொண்டிருந்த கலந்தர் நானாவைப் பார்த்தாள். அவள் எத்தனையோ சனிக்கிழமை அந்தக் கடையைத் தாண்டிச் சந்தைக்குப் போயிருக்கிறாள். லொறிகள் அங்கே சாமான் இறக்குவதையும் கண்டிருக்கிறாள். சுவரோடு போய் இருந்துவிட்டாள்.

கிரியை முடிந்தது. "வாய்க்கரிசி போடுற பொம்பிளையள் வாங்கோ," என்று ஐயர் கூப்பிட்டார். உரித்துச் சொந்தக்காரர்தான் போடுவது வழமை. சாரங்கா போட்டாள். நேசம் மாமி போட்டாள். மாமியின் மகள் போட்டாள். வேறு யாரும் இல்லை. பெட்டி மூடியைத் தூக்க இரண்டு பேர் முன்னே வந்தார்கள்.

தவமலர் சுவரிலிருந்து எழும்பி வந்தாள்.

"நீங்கள் என்ன முறை?" என்று ஐயர் கேட்டார்.

சாரங்கா அரிசித் தட்டத்தை அவளிடம் நீட்டினாள். பேணியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, தவமலர் ஒரு பிடி அள்ளிக் குனிந்தாள். அரிசி சிந்தாமல் மெல்ல மெல்லப் போட்டாள்.

ஒரு அரிசிமணி மட்டும் அம்மாவின் உதட்டோரத்தில் ஒட்டி நின்றது. தவமலர் அதைச் சுட்டுவிரலால் உள்ளே தள்ளிவிட்டு, நழுவியிருந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள்.