நாற்பத்தேழாம் நம்பர் காலர்

கதவோரம் நிற்காதீர்கள் கண்ணுகளா, இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள். ஒரு கையின் கதையைச் சொல்கிறேன். கேட்டு முடித்ததும் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் தவிப்பீர்கள். நானும் தவித்துவிட்டுத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறியதும் அந்தப் பெண் முதலில் செய்த காரியம், வலது கையை இடது கையால் தூக்கி எதிரே இருந்த மரச்சட்டத்தின் மேல் வைத்ததுதான். ஏதோ கடையில் வாங்கிய சாமானைக் கீழே வைப்பதுபோல வைத்தாள். விரல்கள் பாதி மடங்கியபடி கிடந்தன. மணிக்கட்டுக்குள் ஒரு தகடும் ஆறு திருகாணிகளும் இருந்தன. வேலைக்குப் போகும் வழியில், ரோட்டைக் கடக்கும்போது, பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த ஒரு சரக்கு வேன் கொடுத்த சீதனம் அது. நரம்பைச் சரி செய்ய இன்னொரு ஆபரேஷன் வேண்டும், இந்த வருஷத்துக்குள் செய்யாவிட்டால் விரல்கள் இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் கையை விரித்திருந்தார். அவருக்காவது விரிக்கக் கை இருந்தது. ஆபரேஷனுக்கான பணம் இந்த நஷ்டஈட்டு வழக்கில் வந்தால்தான் உண்டு. வீட்டில் ஈரத்துணியைப் பிழிவதுகூட இப்போது அவள் புருஷன்தான். "என் கையால தோய்ச்ச சேலையைக் கட்டிக்கிட்டு நீ மகாராணி மாதிரி கெட" என்று சிரிப்பு மூட்டுவார். அதற்கு அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அவள் வேலை பார்த்தது சட்டை தைக்கும் கம்பெனியில். அங்கே பெற்றோர் வைத்த பெயருக்கு மதிப்பில்லை. எதைத் தைக்கிறாளோ அதுதான் பெயர். கை, பாக்கெட், பொத்தான் என்று கூப்பிடுவார்கள். இவள் காலர். பத்தொன்பது வருஷமாகக் காலர். சின்னவர்களுக்குக் காலரக்கா. தைத்து முடித்த ஒவ்வொரு துணிக்கட்டிலும் ஒரு சீட்டு இருக்கும். அதைக் கிழித்துத் தன் அட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சீட்டுக்குத் தக்க கூலி. அவள் நம்பர் நாற்பத்தேழு. ஒரு மாதம் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்பது அங்கே சட்டம்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பொத்தானும் கையும் பாக்கெட்டும் இன்னும் இரண்டு பேரும் கூடிப் பேசினார்கள். மறுநாளிலிருந்து வாசலில் வருகை பதியும் மெஷினில் அவளுடைய அட்டையும் சேர்ந்து துளை வாங்கியது. சாப்பாட்டு நேரத்தைப் பாதியாக்கி, அவள் மெஷினில் மாறி மாறி உட்கார்ந்து, ஐந்து பேரும் காலர் தைத்தார்கள். சீட்டை நாற்பத்தேழில் ஒட்டினார்கள். சம்பள நாளில் கவரைக் கொண்டுவந்து அவள் தலையணைக்கடியில் வைத்தார்கள். "வாயைத் திறந்தே, இன்னொரு கையையும் ஒடிச்சிருவேன்" என்றாள் பொத்தான். நாலு மாதம் அப்படி நடந்தது.

வழக்குப் போடும்போது அவளுடைய வக்கீல் "அடிபட்ட பிறகு வேலைக்குப் போனீங்களாம்மா?" என்று கேட்டபோது, "இல்லீங்களே" என்று பளிச்சென்று சொன்னாள். அது சத்தியம். கவரில் வந்தது சம்பளம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பொத்தான் கொடுத்தது, கை கொடுத்தது என்றுதான் மனதில் இருந்தது. நாலு மாதம் வருமானமே இல்லை என்று வக்கீல் மனுவில் எழுதினார். அவளும் இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது கோர்ட்டில் வேனின் இன்சூரன்ஸ்காரர்களுடைய வக்கீல் ஒரு கத்தை அட்டைகளை எடுத்து நீட்டினார். கொண்டுவந்து கொடுத்தவர் கம்பெனி மேனேஜர். முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நாப்பத்தேழு உங்க நம்பர்தானே?"

"ஆமாங்க."

"ஒரு நாள்கூட லீவு இல்ல. அடிபடறதுக்கு முன்னாடி தைச்சதைவிட, அடிபட்ட பிறகு ஜாஸ்தி தைச்சிருக்கீங்க. பாருங்க."

பார்த்தாள். உண்மைதான். அவளுக்குக் குறைந்துவிடக் கூடாதே என்று அந்தப் பைத்தியங்கள் அள்ளி அள்ளி ஒட்டியிருந்தார்கள். சீட்டுகளில் பாதி கோணல். அந்தக் கோணலில் யார் எதை ஒட்டினார்கள் என்றுகூட அவளால் சொல்ல முடியும்.

நீதிபதி நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கையையே பார்த்தார். "பயப்படாதம்மா. இந்தக் கையாலயா இவ்வளவும் தைச்ச? இல்ல, வேற யாராவது தைச்சாங்களா?"

கதவைத் திறந்துவிட்ட மாதிரிதான் கேட்டார். ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் மேனேஜர் காதில்தான் முதலில் விழும். வேறு யார் என்ற கேள்வி அடுத்து வரும், ஐந்து பேர் வேலையும் போகும். பொத்தானுக்கு அப்பன் இல்லாத இரண்டு பிள்ளைகள். கைக்குப் படுக்கையில் மாமியார். ஐந்து பேரும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வெளியே வராந்தாவில் நின்றார்கள், அவளுக்குத் துணையாக. ஜன்னல் வழியாகப் பாக்கெட்டின் தலை எக்கி எக்கித் தெரிந்தது.

மரச்சட்டத்தின் மேல் கிடந்த கையை அவள் பார்த்தாள். அது யாருடையதோ போல இருந்தது.

"நான்தாங்க தைச்சேன். மெதுவாத் தைச்சேங்க ஐயா."

அவள் வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். வெளியே வரும்போது, "ஏம்மா, இது ஒண்ணை எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? ஆஸ்பத்திரி பில்லுக்கு ஏதோ கொடுப்பாங்க. இவ்வளவு தைக்கிற கைக்கு ஆபரேஷன் எதுக்குன்னு கேப்பாங்க, அதை மறந்திருங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வராந்தாவில் ஐந்து பேரும் மொய்த்துக்கொண்டார்கள்.

"என்னக்கா கேட்டான் அந்தக் கறுப்புக் கோட்டு?" என்றாள் பொத்தான்.

"எவ்வளவு தைச்சேன்னு கேட்டாங்கடி."

"நீ என்ன சொன்ன?"

"நெறையத் தைச்சேன்னு சொன்னேன்."

"பின்னே? நம்ம அக்கா என்ன லேசுப்பட்ட கையா!" என்று பொத்தான் சிரித்தாள். "அப்ப பணம் வந்துரும்ல?"

"பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க."

பஸ்ஸில் நிற்க இடமில்லை. யாரும் சொல்லாமலே ஐந்து பேரும் அவளை நடுவில் விட்டு, முதுகை வெளிப்பக்கம் காட்டிச் சுற்றி நின்றுகொண்டார்கள். "யோவ், இடிக்காதய்யா, கண்ணு தெரியல?" என்று பாக்கெட் யாரையோ வைதாள். ஒவ்வொரு பிரேக்குக்கும் கூட்டம் மொத்தமும் அவர்கள்மேல் சரிந்தது. அவர்கள் சரிந்து, நிமிர்ந்து, மறுபடி சரிந்தார்கள். உள்ளே, ஒரு முழ இடத்தில், மடங்கிய அந்தக் கை எதிலும் படாமல் ஆடிக்கொண்டே போனது.

சரி கண்ணுகளா, எழுந்திருங்கள். உங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்புகிறவர்கள் எல்லாரும் கொண்டுபோன கை காலோடு பொழுது சாய வீடு வந்து சேரட்டும். உங்கள் உலை பொங்கட்டும். உங்களைச் சுற்றி நிற்கிறவர்கள் நன்றாக இருக்கட்டும்.