விட்டுப்போன கிருமி

அன்று மாடி அறையில் இருந்தவர்கள்: மாரிராஜ், நோயாளி, கோவில்பட்டிக்காரன். இசக்கியப்பன், அவனோடு ஒரே லைனில் பிரேக் பாகம் பூட்டுபவன். பகலவன், திண்டிவனம், வேறு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். டில்லிபாபு, வீட்டு ஓனரின் மகன், கீழ்வீட்டில் இருப்பவன். ஜோயல் ஆகிய நான், நைட் ஷிப்ட் ஒத்துவராமல் வேலையை விட்டவன். டில்லிபாபுவைத் தவிர எங்கள் நான்கு பேருக்கும் மாடியில் ஒரே கக்கூஸ். கூட்டம் அதைப் பற்றித்தான்.

கம்பெனிகள் சூழ்ந்த சேரப்பணஞ்சேரியில் ஞாயிற்றுக்கிழமை காலைக்கென்று தனி அமைதி ஒன்றும் கிடையாது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மாரிராஜ் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய வாளி, மக்கு, தட்டு, டம்ளர். எல்லாவற்றிலும் சிவப்பு டேப்.

டேப் இசக்கியப்பனின் வேலை. அவர்கள் லைனில் பழுதான பாகத்துக்குச் சிவப்பு ஒட்டித் தனிப் பெட்டியில் போடுவார்கள், நல்லதோடு கலந்துவிடக் கூடாது என்று. மாரிராஜ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, ‘குடலில் பாக்டீரியா கோளாறாம்’ என்று ஒரு வரி சொன்னான். மறுநாளே இசக்கியப்பன் கம்பெனியிலிருந்து டேப் சுருளோடு வந்தான். அவன் சுற்றச் சுற்ற மாரிராஜ்தான் வாளியைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் அது சரியாகவே பட்டது.

“அப்பா இன்னா சொல்றாருன்னா, ஒட்டுவாரொட்டியா இருந்தா மாசக் கடைசில அவன் காலி பண்ணிடணுமாம்,” என்றான் டில்லிபாபு. “கீழ கைக்குழந்த கீது. என்ன மொறைக்காதீங்கண்ணா, சொன்னத சொல்றேன்.”

“நானும் அவனும் ஒரே பக்கத்துக்காரங்கதான்,” என்றான் இசக்கியப்பன். “அதுக்காவ எனக்கும் வயித்தால போவணுமா?”

“ஒனக்குப் போறது சால்னாவாலதாம்ல,” என்றான் மாரிராஜ். “எம்மேல பழி போடாத.”

பகலவன்கூடச் சிரித்தான். மாரிராஜ் சிரிக்கவில்லை. காலி செய்தால் அவனுக்கு வேறு இடம் ஹாஸ்டல்தான். அங்கே கக்கூஸுக்கு ஒரு மாடி முழுக்க வரிசையில் நிற்கும். நிற்க அவனால் முடியாது. நிற்க முடியாவிட்டால் பஸ் போகும், பஸ் போனால் வேலை போகும். வேலை போனால் ஈ.எஸ்.ஐ. கார்டு செல்லாது, மாத்திரையும் கிடையாது. மாத்திரை இல்லாமல் அவன் எப்படி இருப்பான் என்பதை இந்த அறையே பார்த்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அவன் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தான். லைனில் நிற்பவன் வெளியே போக வேண்டுமென்றால் சுவிட்சை அழுத்த வேண்டும். மேலே விளக்கு எரியும். மாற்று ஆள் வந்து நின்றால்தான் நகரலாம். இவன் விளக்கு அடிக்கடி எரிந்தது. சூப்பர்வைசர், “உனக்கு என்ன தினமும் தீபாவளியா?” என்று கேட்டான். அதிலிருந்து இவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு குளுக்கோஸ் தண்ணீரும் பிஸ்கட்டுமாக ஓட்டினான். உள்ளே போகாவிட்டால் வெளியே வராது என்று கணக்கு. ரத்தம் வந்தது.

எனக்கு வேலை இல்லாததால் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் அம்மாவும் எங்களைப் போலவே களைத்திருந்தார். இருந்தாலும் பொறுமையாகச் சொன்னார். அதை அப்படியே இவர்களிடம் சொன்னேன்.

“வந்து ஒட்டிக்கிற கிருமி இல்லப்பா இது. இவன விட்டுட்டுப் போன கிருமி. இல்லாதது உங்க மேல எப்படி ஒட்டும்?”

“புரியிற மாதிரி சொல்லுங்கண்ணா,” என்றான் பகலவன்.

“காய், கீரை, பருப்புல நமக்குச் செரிக்காத நார் இருக்கு. குடல்ல இருக்கிற கிருமி அதத் தின்னுட்டு ஒரு அமிலத்த விடும். அதோட கழிவு. குடலோட உள்சுவர் அந்தக் கழிவத் தின்னுதான் உயிரோட இருக்கு. இவனுக்கு அந்த ஜாதிக் கிருமி கொறஞ்சுபோச்சு. சுவர் பட்டினி. புண்ணு.”

“அப்ப சப்ளையர் சரக்கு அனுப்பலங்கியளா?” என்றான் இசக்கியப்பன்.

“அப்படித்தான். இவன் வேற, இருந்த கொஞ்சத்தையும் நார் இல்லாத பிஸ்கட்டாப் போட்டுக் கொன்னுட்டான்.”

“அப்ப இப்ப கீரைய அள்ளிப் போட்டா சரியாப் போவுமா?” என்றான் டில்லிபாபு.

“புண்ணு ஆறாம நாரத் தின்னா எரியுமாம். மொதல்ல மாத்திரை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா. கிருமி கொறஞ்சதால புண்ணா, புண்ணால கிருமி கொறஞ்சுச்சான்னு அவங்களுக்கே முழுசாத் தெரியலையாம்.”

இசக்கியப்பன் வாளியை இழுத்து டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டினான். அது வரவில்லை. நல்ல டேப்.

“சரிண்ணா, ஒட்டாது,” என்றான் பகலவன். “பஸ்ஸு?”

இந்த அறையில் ஒரே ஒரு சட்டம்தான். யாருக்கு முதலில் கம்பெனி பஸ்ஸோ அவனுக்கு முதலில் கக்கூஸ்.

“இவன் உள்ள போனா வர மாட்றான். நான் பக்கெட்டோட வெளிய நிக்கிறேன். போன வாரம் பஸ்ஸ விட்டேன். கிருமி வந்து என் சூப்பர்வைசர்கிட்ட சொல்லுமா? இன்னிக்கும் எனக்கு ஓ.டி. இருக்கு.” துண்டை எடுத்துக்கொண்டு அவன் எழுந்துபோனான். கக்கூஸ் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் தொல்லை.

“நான் போயிருதேன்,” என்றான் மாரிராஜ். “ஊருக்கே போயிருதேன். டில்லி, ஒங்க அப்பாட்ட…”

அவன் முகம் மாறியது. எழுந்து கக்கூஸ் கதவுவரை போனான். உள்ளே தண்ணீர் விழும் சத்தம். தட்டுவதற்குக் கையைத் தூக்கி, தட்டாமல் இறக்கினான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெற்றி வியர்த்தது. இரண்டு காலையும் ஒட்டி இறுக்கிக்கொண்டான்.

எங்களுக்கு இது பழகிய காட்சி. டில்லிபாபு இப்போதுதான் பார்க்கிறான்.

“ண்ணா, இன்னாண்ணா இது?”

“இதுதான்,” என்றேன்.

கீழே மோட்டார் பக்கத்தில் இன்னொரு கக்கூஸ் உண்டு. வாடகைக்காரர்களுக்குக் கிடையாது. மீந்த சிமெண்ட் மூட்டை போட்டுப் பூட்டிவைத்திருந்தார்கள். டில்லிபாபு படிகளில் பாய்ந்து இறங்கினான். நானும் இசக்கியப்பனும் மாரிராஜை இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினோம். நாங்கள் கீழே சேர்வதற்குள் டில்லிபாபு பூட்டைத் திறந்து, இறுகிப்போன மூட்டைகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள்ளிருந்து அவன் அப்பா ஏதோ கத்தினார்.

“சும்மா இருப்பா!” என்று மகன் திருப்பிக் கத்தினான்.

அவன் மனம் இளகியதாக நான் நினைக்கவில்லை. தன் வீட்டுப் படியில் ஒரு ஆள் அசிங்கப்படுவதை அவன் பார்க்க விரும்பவில்லை, அவ்வளவுதான். அது போதும்.

மாரிராஜ் வாசலில் தயங்கினான். “எம் மக்கு மேல இருக்கு,” என்றான்.

“உள்ள கீதுய்யா, போ!”

டில்லிபாபு சாவியை என் கையில் வைத்தான். “நாளைக்கும் வேணும்ல. இது அவனோடது. மேல இருக்கறது உங்களோடது. அப்பா கிட்ட நான் பேசிக்கறேன்.” பிறகு கையில் ஒட்டிய சிமெண்டைக் கைலியில் துடைத்தான்.

மாரிராஜ் உள்ளே போனான். கதவு நிலையில் உரசி, இரண்டாவது இழுப்பில் சாத்திக்கொண்டது. துருப்பிடித்த தாழ்ப்பாள் கிறீச்சிட்டு உள்ளே விழுந்தது.