நாற்பத்தாறு சீட்டுகள்

பிளஸ் டூ வகுப்பின் பிரிவு விருந்துக்கு அமராவதி அணைக்குப் போவதென்று முடிவானதும், பீருக்குத் தான் ஏற்பாடு செய்வதாகச் சுரேந்தர் அறிவித்தான். வேண்டாமென்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வகுப்புத் தலைவி கிருபாவும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் குடிக்கிறார்கள், தான் மட்டும்தான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் தூக்கம் வரவில்லை. போன வருடப் பிளஸ் டூ மாணவர்களின் விருந்தில் ஒருவன் குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டான். அவனை மீட்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஆசிரியரிடம் சொன்னால் காட்டிக்கொடுத்தவள் என்பார்கள். புத்திமதி சொன்னால் சிரிப்பார்கள். இரண்டு நாள் யோசித்து, புள்ளியியல் பாடத்துக்காக ஒரு கணக்கெடுப்பு நடத்த பொருளியல் ஆசிரியர் அருள்குமாரிடம் அனுமதி கேட்டாள். கேள்விகளைப் படித்த அவர், சீட்டுகளைத் தான் பார்க்கப்போவதில்லை என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

கேள்விகள் இரண்டுதான். நீ எப்போதாவது குடித்திருக்கிறாயா? நம் வகுப்பில் எத்தனை பேர் குடித்திருப்பார்கள்? பெயர் எழுத வேண்டாம்.

நாற்பத்தாறு சீட்டுகள் வந்தன. கிருபா எண்ணினாள். நம்ப முடியாமல் மறுபடியும் எண்ணினாள். பிறகு கரும்பலகையில் எழுதினாள். முப்பது பேராவது குடித்திருப்பார்கள் என்று பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். உண்மையில் குடித்தவர்கள் நான்கே பேர்.

அவள் பொய்க்கணக்கு எழுதுவதாகப் பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். கிருபா சீட்டுகளை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி, யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம் என்றாள்.

சுரேந்தர்தான் எழுந்து வந்தான். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். வகுப்பே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கணக்குச் சரிதான்," என்றான். கழுத்தைத் தடவிக்கொண்டான். "நானும் இல்லீன்னுதான் எழுதுனேன். நீங்கெல்லாம் குடிக்கறீங்கன்னு நெனச்சு சும்மா அளந்துபோட்டேன்."

யாரோ களுக்கென்று சிரிக்க, அந்தச் சிரிப்பு வகுப்பு முழுவதும் பரவியது. சுரேந்தரும் சிரித்துவிட்டான். மார்பில் இருந்த பெரிய பாரம் ஒன்று இறங்கியதுபோல் இருந்தது கிருபாவுக்கு.

"அப்ப பீரு?" என்று கேட்டாள்.

"அதெதுக்கு புள்ள? மீன் வறுவல் திங்கலாம்."

அணைக்கரையில் அன்று வறுவல் கடைக்காரருக்கு மூச்சுவிட நேரமில்லை. நாற்பத்தாறு பேரும் ஆடிய ஆட்டத்தில் பூங்காவே அதிர்ந்தது. அந்த நான்கு பேர் யாரென்று யாரும் கேட்கவில்லை. அவர்களும் கூடவேதான் ஆடினார்கள்.

திங்கட்கிழமை காலை பிளஸ் ஒன் பிரவீனா வந்து நின்றாள்.

"அக்கா, அந்தக் கேள்விய எங்களுக்கும் குடுங்க. எங்க கிளாஸ்லயும் எல்லாரும் குடிக்கறாங்கன்னுதான் பேசிக்கறாங்க."

கிருபா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மளமளவென்று எழுதத் தொடங்கினாள்.