சகலையைத் துரத்திய விமானம்

லிஃப்ட் மெக்கானிக்கின் சகலை வேண்டுமென்றேதான் இடித்தார். ரிமோட்டில் பறக்கும் இரண்டு சின்ன விமானங்கள் நடுவானில் மோதியதில் மெக்கானிக்குடையது மட்டும் தரையில் விழுந்து நொறுங்கியது. ஆறு மாதம் உட்கார்ந்து செய்தது. "கொசுன்னு நினைச்சு அடிச்சுட்டேன்பா" என்று சகலை சொல்ல, மைதானமே சிரித்தது. மெக்கானிக்கும் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்துதான் பல்லைக் கடித்தார்.

உடைந்ததை ஒட்டும்போதே முடிவு செய்துவிட்டார். பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு, அதைப்போல் ஒன்றரை மடங்கு பெரியதை வாங்கிவந்தார். அது பொருந்தவில்லை. என்ஜினைத் தாங்கும் முன்பலகையை அறுத்தெடுத்து, தடித்த பிளைவுட்டில் புதிதாக ஒன்று செய்து ஒட்டினார். மூக்கு கனத்துக் கவிழ்ந்தது; பேட்டரியை வால் பக்கம் தள்ளினார். என்ஜினுக்கேற்ற பெரிய விசிறி தரையில் உரசியது. சக்கரக் கால்களை உயர்த்தினார். ஒவ்வொரு திருகாணியை முறுக்கும்போதும் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது. இன்னும் அரைச் சுற்று முறுக்கினார்.

சாப்பாட்டு மேசையெல்லாம் பசை நாற்றம். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"இறக்கை தாங்குமாங்க?"

"ஒரு நாள் தாங்கினா போதும்."

"அவர் என் அக்கா புருஷன், ஞாபகம் இருக்கட்டும்" என்றவள் சற்று யோசித்தாள். "ஆனா 'உன் வீட்டுக்காரர் பொம்மையை ஒட்டி முடிச்சாரா'ன்னு அக்கா நேத்து போன்ல கேட்டா பாருங்க... விடாதீங்க."

ஞாயிறு காலை சகலையின் சிவப்பு விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக்குடையது எழும்பிய சத்தத்திலேயே எல்லோரும் திரும்பினார்கள். இரண்டே சுற்றில் அதன் வாலைப் பிடித்துவிட்டது. சிவப்பு இடப்பக்கம் திரும்பினால் இதுவும் திரும்பியது. ஏறினால் ஏறியது.

"தள்ளிப் போப்பா! இடிக்கப் போறே!"

"பயப்படாதீங்க சகலை. நான் உங்களை மாதிரி இல்ல."

ஒரு முழ இடைவெளியில் சீறிக்கொண்டு கடந்தது. சகலை பதறி, ரிமோட் குச்சியை முழுக்க இழுத்தார். சிவப்பு விமானம் செங்குத்தாக நிமிர்ந்து, வேகம் செத்து, குப்புற மண்ணில் குத்தியது.

"இடிச்சுட்டான்! எல்லாரும் பார்த்தீங்கல்ல?"

"தொடவே இல்லையே சார்" என்றார் பக்கத்தில் நின்ற பல் டாக்டர். "நீங்களே இழுத்துக் கவுத்துட்டீங்க."

சகலை தனியாகக் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். கூடப் போய்ப் பொறுக்கலாமா என்று மெக்கானிக்குக்கு ஒரு கணம் தோன்றியது, கால் நகரவில்லை. கனம் தாங்காமல் தன் விமானமும் இறங்கும்போது ஒரு சக்கரக் காலை முறித்துக்கொண்டதை அவர் பொருட்படுத்தவேயில்லை.

அந்த வாரத்தோடு அக்காவின் போன் நின்றுபோனது.

"வருத்தமா இருக்கா?" என்று மனைவியைக் கேட்டார்.

"கொஞ்சம். உங்களுக்கு?"

மனதைத் துழாவிப் பார்த்தார். துளிகூட இல்லை. அதுதான் அவருக்கே லேசாகப் பயத்தைக் கொடுத்தது.